பலகைக்குக் காவல்

ஆட்டின் முன்னங்காலுக்கு மேலே, விலாவை ஒட்டினாற்போல் ஒரு தட்டை எலும்பு இருக்கும். முக்கோணமாக, சிறுபிள்ளையின் உள்ளங்கை அகலத்தில். கறி தின்கிறவர்கள் அதைச் சப்பிவிட்டு எறிந்துவிடுவார்கள். எங்கள் வகையறாவில் அதற்குப் பலகை என்று பெயர். நான்கைந்து குடும்பங்களுக்குள் மட்டும் வழங்கிய பழக்கம் அது. பக்கத்துத் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் பெண் கொடுப்பதென்றால் ஜாதகம் பார்ப்பதில்லை, பலகை பார்ப்போம். என் எட்டாவது வயதில் ஒரு பலகைக்கு மூன்று நாள் காவல் இருந்தேன். அந்த மூன்று நாளைப் பற்றி அறுபத்தைந்து வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அவள் இப்போது இல்லை. ஆகையால் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மம்சாபுரத்தின் மேற்கு ஓரத்தில், மலையைப் பார்த்த வாசல் எங்கள் வீடு. அப்பா, அம்மா, அத்தை, நான், ஒரு நாய். அத்தை அப்பாவின் தங்கை. என்னைப் பெற்ற நாளிலிருந்து அம்மாவுக்கு இளைப்பு. பத்தடி நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆகவே மாடு, அடுப்பு, பருத்தி எடுப்பு, தண்ணீர், என் தலைக்கு எண்ணெய் எல்லாமே அத்தைதான். அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியாது. அடுப்பு தானாக எரிகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நாய் இராஜபாளையத்து வெள்ளை. ரோஸ் நிற மூக்கு. அந்தச் சாதி நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. எங்களுடையது முழுச் செவிடு. தீபாவளி வெடி காலடியில் வெடித்தாலும் கொட்டாவி விடும். அதைக் கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். அதிர்வு தெரிந்து எழுந்து வரும்.

அத்தைக்கு இருபத்துநான்கு வயது முடிந்திருந்தபோது அந்த வரன் வந்தது. இராஜபாளையத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பையன், பட்டாளத்தில் இருந்தார். இரண்டு மாத லீவில் வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அக்காளைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்து விசிலடித்தார். அது அசையவில்லை.

"அதுக்குக் காது கேக்காது," என்றேன்.

"முழுசாவா?"

"ஆமா. வேட்டுப் போட்டாலும் முழிக்காது."

"எங்க சுபேதாரும் இப்படித்தாம்லே. லீவு கேட்டா மட்டும் காது கேக்காது."

அடுக்களைக்குள் யாரோ சிரித்தார்கள். அத்தைதான். அவள் சத்தமாகச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் மோர்ச் செம்போடு வெளியே வந்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ரொட்டி தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. தோச நல்லா சுடுவியளா?" என்றார்.

"சுடுவேன். கருகுனாலும் திங்கணும்."

"கருகுனதா எடுத்து எனக்கு வையுங்க."

அவருடைய அக்காள் முழங்கையால் இடித்தார். "ஏலே, பொண்ணு பாக்க வந்தியா, கிளப்புக்கடைக்கு வந்தியா?"

அவர்கள் போன பிறகு அப்பா வெகுநேரம் முற்றத்திலேயே நின்றார். "நல்ல பையந்தான்," என்றார். அம்மா கட்டிலில் கண்ணை மூடியிருந்தாள். "பலக பாத்துட்டுப் பொறவு வாக்குக் கொடுப்போம்," என்றார் அப்பா.

அத்தை தலையை ஆட்டினாள். அடுத்த இரண்டு நாளும் என்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சாணி அள்ளினாள்.

பலகை பார்ப்பதற்கு முறை உண்டு. கிடாக்குட்டி ஒற்றையாகப் பிறந்ததாக இருக்க வேண்டும். ஒரு வயது தாண்டக் கூடாது. குலசாமி முன்னால் வெட்டி, வலது முன்னங்காலை மட்டும் புதுப்பானையில் உப்பில்லாமல் வேகவைப்பார்கள். வெந்த கறியைக் கல்யாணப் பெண்தான் விரலால் பிரித்து எடுக்க வேண்டும். கத்தி படக்கூடாது, பல் படக்கூடாது. பிறகு மஞ்சள் பூசி, வெள்ளைத் துணியில் முடிந்து, மாட்டுக் கொட்டகை உத்திரத்தில் மூன்று நாள் தொங்கவிடுவார்கள். இரவில் குலசாமி காவல். பகலில், பால்பல் விழுந்து மறுபல் முளைக்காத பிள்ளை ஒன்று காவல். அந்த வயதில் வாயில் பொய் தங்காது, பல்லுச் சந்து வழியாக வெளியே விழுந்துவிடும் என்பது எங்கள் பெரியவர்களின் நம்பிக்கை. எனக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அதுதான் என் தகுதி.

எலும்பைப் படிக்கிறவரைப் பலகைக்காரர் என்போம். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர், அப்பாவைவிட மூத்தவர். கறி தின்னமாட்டார். இடுப்பில் ஒரு தோல் பை தொங்கும். தொலைந்த மாடு, வராத மழை, விடாத காய்ச்சல் போன்ற சில்லறைக் கேள்விகளுக்கு அந்தப் பைக்குள் சில்லறை எலும்புகள் வைத்திருந்தார். முயலின் கணுக்கால் எலும்பு என்றால் பயணம். மயிலின் கால்முள் மழை. முள்ளம்பன்றியின் தாடை பகை. ஆமையோட்டுச் சில்லு ஆயுள். நரிப்பல் என்றால் பொய். துண்டை விரித்து உருட்டிவிட்டு, எது எதைப் பார்த்துக் கிடக்கிறது என்று பார்ப்பார்.

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில் எங்கள் குலசாமி. மேற்கூரை கிடையாது, ஒரு கல்லும் இரண்டு வேலும்தான். கிடா வெட்டு முடிந்ததும் பலகைக்காரர் என்னை எதிரே நிற்கச் சொல்லி, காவலுக்கு உத்தரவு கேட்டுச் சில்லறை எலும்புகளை உருட்டினார். எல்லாம் துண்டிலேயே நின்றன. நரிப்பல் மட்டும் துண்டைத் தாண்டி மண்ணில் உருண்டு வந்து என் கால் பெருவிரலைத் தொட்டு நின்றது.

"என்ன சொல்லுது அண்ணாச்சி?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல தம்பி. தரை சரிவா இருக்கு."

தரை சரிவாக இல்லை. அவர் பல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "காவக்காரரே, முடிச்ச அவுக்கப்பிடாது, தெரியுதா? உள்ள இருக்கதப் பாக்கப்பிடாது."

"பாத்தா என்ன செய்யும்?"

"நாம பாத்தா அதுவும் நம்மளப் பாக்கும்லே. பொறவு மறக்காது."

அத்தை கறியைப் பிரித்தெடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெடித்த காயிலிருந்து பருத்தியை எடுப்பது போல் நோகாமல் எடுத்தாள். எலும்பு வெளியே வந்ததும் அதன் மேல்விளிம்பை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். "ஏலே, இந்த ஓரத்தத் தொட்டுப் பாரு. குட்டியோட காது மாதிரி மெத்துனு இருக்கு," என்றாள். தொட்டேன். காது மாதிரிதான் இருந்தது. அவள் மஞ்சள் பூசி, துணியில் வைத்து, இரண்டு காது வைத்த ஒரு முடிச்சுப் போட்டாள்.

காவல் என்றால் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் பயமாக ஆகிவிட்டது. காற்றே இல்லாத நேரத்தில் முடிச்சு மெல்லச் சுற்றும். ஒரு பக்கம் முழுச் சுற்று, பிறகு எதிர்ப்பக்கம் முழுச் சுற்று. நான் இடம் மாறி உட்கார்ந்தால் நின்றுவிடும். அதற்கு நேர்கீழே போட்ட வைக்கோலை மாடுகள் தொடவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "கயிறு முறுக்கு அவுருதுடா," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உச்சிப் பொழுது. அப்பாவும் அத்தையும் பருத்திக் காட்டில் இருந்தார்கள். முடிச்சு சுற்றிக்கொண்டிருந்தது, திடீரென்று பாதியில் நின்றது. யாரோ நடந்து போகையில் நம்மைக் கண்டு நிற்பார்களே, அப்படி. ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாட்டுத்தொட்டியின் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தேன். எலும்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெயில் அதற்குள் புகுந்து வந்தது. உள்ளே சிவப்பாக மெல்லிய கோடுகள் ஓடின. பார்க்க அழகாக இருந்தது. பயப்படும்படி அதில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அம்மா கூப்பிட்டாள். "ஏலே, தண்ணி... மூச்சு முட்டுது, ஓடியா."

எலும்பைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு ஓடினேன். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தபோது தொட்டியில் துணி மட்டும் கிடந்தது. கொட்டகைக்கு வெளியே நாய் படுத்துக்கொண்டு எதையோ நொறுக்கிக்கொண்டிருந்தது. கத்தினேன். செவிட்டு நாயிடம் கத்தினேன். தரையை மிதிக்க வேண்டும் என்று நினைவு வந்து மிதித்தபோது, அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. காது போல் இருந்த ஓரம் போயிருந்தது. பாதிப் பலகை போயிருந்தது. பிடுங்கப் போனேன், மிச்சத்தையும் விழுங்கியது.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். இன்னொரு கிடா வெட்டியிருப்பார்கள். எனக்கு நாலு அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான். அந்த நாலு அடிக்குப் பயந்துதான் ஓடைக்குப் போனேன்.

செண்பகத்தோப்புப் பாதையில், எங்கள் வீட்டிலிருந்து அரை மைலில், செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போடும் ஓடை ஒன்று இருந்தது. பெரியவர்களே உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நாய் என் பின்னாலேயே வந்தது. மணலில் விலா எலும்புகள் கவிழ்த்த கூடைகள் போலக் கிடந்தன. காற்று ஏதோ ஒரு கால் எலும்பின் துளைக்குள் நுழைந்து ஊதிக்கொண்டிருந்தது. மாட்டுப் பலகைகள் பெரிது பெரிதாக, முறம் போல இருந்தன. என் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. அழுதுகொண்டே தேடினேன். ஓடை திரும்புகிற இடத்தில், மணலில் ஒன்று நட்டுவைத்தது போல நிமிர்ந்து நின்றது. ஆடோ செம்மறியோ, என்ன பிராணியோ தெரியாது. ஏறக்குறைய அந்த அளவு, அந்த வடிவம். சுண்ணாம்பு வெள்ளை. எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஓட்டை உடைசல் இல்லை. ஒரு இடம் மட்டும் மெலிந்து நன்றாக வெளிச்சம் விட்டது.

அதைப் பிடித்தபடி நிற்கும்போது நாய் சட்டென்று பின்பக்கம் திரும்பியது. எந்தச் சத்தமும் கேட்காத நாய், தன்னை யாரோ பெயர் சொல்லி அழைத்தது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டது. புதர்ப்பக்கம் பார்த்து வாலை ஆட்டியது. அங்கே யாரும் இல்லை. பிறகு நான் வேலை பார்த்த வருஷங்களில் செவிட்டு நாய்களைப் பற்றி நிறையப் படித்தேன். மண்ணின் அதிர்வு, காற்றில் வந்த வாடை என்று பல காரணம் சொல்லலாம். எதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த நாய் யாரோ தெரிந்தவர்களைக் கண்டதுபோலத்தான் வாலாட்டியது.

வீட்டுக்கு வந்து, அடுக்களையிலிருந்து மஞ்சளை எடுத்துப் பூசினேன். ஒட்டாமல் மாவாக உதிர்ந்தது. எச்சில் தொட்டுப் பூசினேன். துணியில் வைத்து, பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு உத்திரத்தில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு அது சுற்றவில்லை. சாயங்காலம் அப்பா கொட்டகைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "காவல் நல்லா இருந்தியாடா?" என்றார். "ஆமாப்பா," என்றேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனார். தடவிக் கொடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்து அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. சூரியன் கிளம்பும் நேரத்துக்குப் பலகைக்காரர் வந்துவிட்டார். முற்றத்தில் கிழக்கு நோக்கி உட்கார்ந்தார். அப்பா அவருக்கு எதிரே. அம்மாவைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அத்தை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை பார்க்கும் இடத்தில் கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது; அது முறை.

பலகைக்காரர் முடிச்சைப் பார்த்தார். அவிழ்த்தார். எலும்பைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். விரலில் மஞ்சள் தூளாக ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகைக்காரர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"காவக்காரரே, உங்கிட்டக் கொடுத்தது இதுதானா?"

"அதுதான்," என்றேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லணும். இதுதானா?"

"அதுதான்."

மூன்று முறை கேட்பது வழக்கம். மூன்றிலும் ஒரே பதில் வந்தால் அதற்குமேல் யாரும் அந்த எலும்பைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது, பெற்ற தகப்பனே ஆனாலும். ஒருமுறை இல்லை என்று சொன்னாலும் எலும்பைப் புதைத்துவிட்டு மறுபடி கிடா வெட்டுவார்கள். மூன்றாவது முறை அவர் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "இது... அந்தப் பலகைதானாலே?"

"அதுதான் தாத்தா."

அவர் எலும்பைச் சூரியனுக்கு நேரே தூக்கினார். நடுவில் ஓடும் தண்டுதான் குடும்பம். தண்டுக்கு இந்தப் பக்கம் குறுகலாக இருப்பது பெண் வீடு. அந்தப் பக்கம் அகன்று கிடப்பது புகுந்த வீடு. கீழே கிண்ணம் மாதிரி ஒரு குழிவு இருக்கிறதே, அது தானியப் பானை. ஆழமாக இருந்தால் சோற்றுக்குக் குறைவில்லை. கோடுகள் பாதை. மங்கல் நோய். இதெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. அகன்ற பக்கத்தின் நடுவே ஒரு ஓட்டை இருந்தது. மிளகு அளவு, வட்டமாக. அதன் வழியே சூரியன் ஊசி போல வந்து என் முகத்தில் விழுந்தது.

நான் எடுத்து வந்தபோது அந்த ஓட்டை இல்லை. மெலிந்திருந்த இடத்தில்தான் அது இருந்தது. ஓரம் கறுத்திருந்தது. கண் மாதிரி. எலும்பு என்னைப் பார்த்தது.

"குழி விழுந்திருக்கு," என்றார் பலகைக்காரர், தணிந்த குரலில். "புகுந்த வீட்டுப் பக்கம். ஓரம் கருகியிருக்கு. வெடிக்குழி."

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"பட்டாளத்துக்காரன்ல? துப்பாக்கில போவான்னு அர்த்தம். ரொம்ப நாளும் இல்ல." எலும்பைத் துணியின்மேல் வைத்துவிட்டு எழுந்தார். "நான் இருக்கதச் சொல்லிட்டேன். வாரேன் தம்பி."

"கஞ்சி குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி."

"வேண்டாம்."

எங்கள் வீட்டுக் கஞ்சியை அவர் வேண்டாமென்றது அன்றுதான். அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார், "தெரிஞ்சே எப்படிக் கொடுக்க?" அம்மா அத்தையின் கையைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். "எங்கள விட்டு எங்கேயும் போயிராத தாயி," என்றாள். அம்மா அத்தைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அத்தை கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "விடு மதினி. பால் கறக்க நேரமாச்சு," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, சேதி தெரிந்து மாப்பிள்ளையே வந்தார். தனியாக வந்தார். முற்றத்துக்குள் வராமல் சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"நான் சாகப்போறது ஆட்டுக்குத் தெரிஞ்சிருச்சு, எங்க சர்க்காருக்குத்தான் இன்னும் தெரியல போல," என்றார். சிரிக்க முயன்றார். "எலும்புலதான குழி? நான் இந்தா முழுசா நிக்கேன்ல?"

"தம்பி, மனசுல வச்சுக்காதிய," என்றார் அப்பா.

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். இந்தமுறை உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சைக்கிளைத் திருப்பினார். நாய் அவர் பின்னால் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது.

குழி விழுந்த பலகைக்குரிய பெண் என்று பெயர் வந்துவிட்டால் வேறு வரன் வராது. அத்தைக்கும் வரவில்லை. அம்மா இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தாள், அத்தைதான் பார்த்தாள். அப்பா படுத்தபோதும் அவள்தான். பருத்தி எடுத்து என்னைப் படிக்க வைத்ததும் அவள்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். அங்கே ஒருநாள், பாடத்துக்காக ஒரு பையன் இரண்டு பலகை எலும்புகளைக் கொண்டுவந்தான். ஒன்று கிடாக்குட்டியுடையது, இன்னொன்று கிழட்டுச் செம்மறியுடையது. மேசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். குட்டியின் பலகையில் மேல்விளிம்பு குருத்தெலும்பு, வளைந்து கொடுக்கும். கிழட்டுப் பலகையில் அது இறுகி எலும்பாகிவிடும். தண்டு தடித்து, கத்தி முதுகு போல நிற்கும். நிறம் வேறு, கனம் வேறு. வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் வித்தியாசம் சொல்லித் தரவேண்டி இருக்கவில்லை. பின்வரிசையிலிருந்தே சொன்னார்கள்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்த பலகைக்காரரை, வருஷத்துக்குப் பத்துக் கிடா உரிக்கிற அப்பாவை, எட்டு வயதில் நான் ஏமாற்றியிருக்கவே முடியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஓட்டையும் தானாக விழுந்ததல்ல. தானாக உடைந்தால் விளிம்பு பிசிறடிக்கும். வட்டமாக, கருகி இருந்தது என்றால், சாக்குத் தைக்கிற ஊசியைக் காய்ச்சிக் குத்தியிருக்கிறார்கள். நான் நன்றாகத் தூங்கிய அந்த இரவில், எங்கள் வீட்டில் யாரோ ஊசி காய்ச்சியிருக்கிறார்கள். அப்பாவா, அம்மா சொல்லி அப்பாவா, தெரியாது. அவர்களுக்கு ஒரு எலும்பு வேண்டியிருந்தது. அடுப்பு எரிய வேண்டியிருந்தது. கேட்பதற்கு அப்போது இருவரும் உயிரோடு இல்லை.

அத்தை இருந்தாள். என் வீட்டில், என் பிள்ளைகளுக்குத் தலைவாரிக்கொண்டு, அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இருந்தாள். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது, வயதான காலத்தில் மனசை ஏன் புண்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நாலு அடிக்குப் பயந்த அதே பயம்தான்.

அந்தப் பட்டாளத்துக்காரரையும் ஒருமுறை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. முழுசாகப் பென்ஷன் வாங்கியவர். நான் யார் என்று சொன்னதும் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அவிய நல்லா இருக்காவளா?" என்றார். "இருக்காங்க," என்றேன். தலையை ஆட்டினார். பஸ் வந்தது. அவரைப் பார்த்ததை அத்தையிடம் சொல்லவில்லை.

அப்பா அம்மா மேலோ பலகைக்காரர் மேலோ பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஊசி குத்தியவர் யாராக இருந்தாலும், பார்த்தும் பார்க்காததுபோல் படித்தவர் யாராக இருந்தாலும், முறைப்படி அன்று அந்த முற்றத்தில் என் சொல் ஒன்றுக்குத்தான் பலம் இருந்தது. அதைத் தெரிந்துவைத்திருந்தவள் அத்தை. தன் விரலால் கறியைப் பிரித்து எடுத்தவள். அந்த ஓரத்தைத் தொட்டு என்னையும் தொடச் சொன்னவள். தான் போட்ட முடிச்சு எது என்று தூரத்திலிருந்தே தெரிந்தவள். பலகைக்காரர் துணியை அவிழ்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று சனிக்கிழமை என்று சொன்னேன். பால் கறந்து முடித்துவிட்டு, வழக்கம்போல் எனக்கு எண்ணெய் தேய்த்துக் கிணற்றடியில் உட்கார வைத்தாள். இராஜபாளையத்துக்குச் சேதி சொல்ல இன்னும் ஆள் கிளம்பவில்லை. அப்பா வீட்டுக்குள் இருந்தார். அத்தை சீயக்காயைத் தலையில் அப்பித் தேய்த்தாள். தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் ஊற்றவில்லை.

"ஏலே ராசா," என்றாள். "அதுதானா?"

"அதுதான் அத்தை," என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

முறைப்படி மூன்று கேள்வியும் முடிந்திருந்தது. வாய் திறக்கக் கூடாதவள் நாலாவது தடவை கேட்டாள். நான் இல்லை என்று சொல்லியிருந்தால் ஈரத்தலையோடு என்னைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு, பலகைக்காரரிடம் ஓடியிருப்பாள் என்பது இப்போது தெரிகிறது. செம்பைப் பிடித்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். அவ்வளவு நேரம் எதற்காக நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சீயக்காய் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"கண்ணு எரியுது அத்தை, ஊத்து," என்றேன்.

ஊற்றினாள்.